கிறீஸ் பூசிய சிலிண்டர்

எங்கள் கரையில் இரும்பு என்று எதைக் கண்டாலும் எண்ணெய் பூசுவார்கள். உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. சைக்கிள் செயின், கதவுப் பிணைச்சல், பூட்டு, கிணற்றுக் கப்பி எல்லாவற்றுக்கும், படகு இஞ்சினுக்கு வாங்கிய கிறீஸில் ஒரு விரல் தொட்டுத் தடவிவிட்டால்தான் வீட்டு ஆண்களுக்கு மனம் ஆறும். மீள்குடியேறி வந்து தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில், சோற்றுப் பானைக்கு மூடி இல்லாத வீட்டில்கூட ஒரு கிறீஸ் டப்பா இருந்தது. இதில் பிழை ஒன்றும் இல்லை. நானும் பூசுகிறவன்தான். ஆனால் ஒக்சிசன் சிலிண்டரின் தலையில் கிறீஸ் பூசிய மனிதர் ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். அவர் என் மனைவியின் தகப்பன். நான் மாமா என்று கூப்பிடுகிறவர்.

மாமா சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போனவர். வாயில் சுருட்டு இல்லாமல் அவரைக் கோயிலுக்குள் மட்டும்தான் காணலாம். இடம்பெயர்ந்து முகாம் முகாமாக அலைந்த நாட்களில், சோறு இல்லாவிட்டாலும் அவருக்குச் சுருட்டு எங்கிருந்தோ வந்துவிடும். சண்டை முடிந்து எங்கள் முசலிக் கரைக்குத் திரும்பினோம். பற்றை வெட்டி, கொட்டில் போட்டு, பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடும் கிடைத்தது. இனிக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம் என்று நினைத்த நேரத்தில்தான் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஒவ்வொரு வேலியாகப் பிடித்து நின்று இளைப்பார். குளிக்கப் போனால் வாளியைத் தூக்க முடியாது. கால்கள் வீங்கின. மன்னார் ஆஸ்பத்திரியில் கிடத்திப் பார்த்துவிட்டு, நுரையீரல் பழையபடி வராது, இனி வீட்டில் ஒக்சிசன் வைத்துத்தான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இருதயமும் களைத்துவிடும் என்று டொக்டர் சொன்னார்.

பங்குச் சுவாமி, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டு மெசின் ஒன்று எடுத்துத் தந்தார். சில்லுப் பூட்டிய பெரிய சூட்கேஸ் மாதிரி இருக்கும். கரண்ட் போனால் பாவிப்பதற்கென்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிறிய சிலிண்டரும் தந்தார்கள். ஒழுங்காகப் பாவிக்காவிட்டால் இரண்டையும் திருப்பி எடுத்துவிட்டு ஆளை வார்ட்டில்தான் வைத்திருக்க வேண்டிவரும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாமாவுக்கு வார்ட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் கறுக்கும். அங்கே மீன் குழம்பில் புளி இல்லை என்பது அவருடைய முதல் குற்றச்சாட்டு. மற்றவற்றை இங்கே எழுத முடியாது.

மனைவி பகலில் நண்டுச் சதை எடுக்கும் கம்பனிக்கு வேலைக்குப் போவாள். சண்டையில் என் காலில் செல் குண்டுத் துண்டு பட்டதிலிருந்து நான் கடலுக்குப் போவதில்லை. வீட்டில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறேன். ஆகவே மெசினைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கிளினிக் நேர்ஸ் என்னை ஒரு கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் சொல்லித் தந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதைக் கேட்டு அறிந்து, எழுதித் தருவதோடு நிற்காமல், ஒவ்வொன்றையும் என் வாயால் திருப்பிச் சொல்லவைத்தார். ஒக்சிசன் தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் பேயாக எரியவைக்கும் என்றார். மூக்கில் குழாய் இருக்கும்போது மட்டுமல்ல, கழற்றிய பிறகும் கொஞ்ச நேரத்துக்கு உடுப்பிலும் தாடியிலும் போர்வையிலும் அது தங்கி நிற்குமாம். மூக்குக் காய்ந்தால் தேங்காயெண்ணெயும் பூசக்கூடாது, தைலமும் பூசக்கூடாது. அதற்கென்று தண்ணீர்ப் பதமான களி ஒன்று தந்தார். சிலிண்டர் பக்கம் எண்ணெயோ கிறீஸோ போகவே கூடாது, அதற்கு நெருப்புக்குச்சிகூடத் தேவையில்லை, திறக்கிற வேகத்திலேயே பற்றலாம் என்றார். நான் திருப்பிச் சொன்னேன். மாமாவும் பக்கத்தில்தான் இருந்தார். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. கலியாண வீட்டில்கூடப் பந்தலுக்கு வெளியே நின்று சாப்பிட்டுவிட்டு வருகிறவன். அப்படிப்பட்டவனிடம், ஊர் முழுவதையும் பார்த்து "அதைச் செய்யாதேங்கோ, இதைச் செய்யாதேங்கோ" என்று நாள் முழுக்கச் சொல்கிற உத்தியோகத்தைக் கொடுத்தார்கள்.

மெசினைப் பார்க்க ஊரே வந்தது. இதற்குள் ஒக்சிசன் எவ்வளவு கொள்ளும், முடிந்தால் எங்கே நிரப்புவது என்று கேட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, வீட்டில் இருக்கிற காற்றைத்தான் இழுத்து, வேண்டாததைத் தள்ளிவிட்டு ஒக்சிசனை மட்டும் குழாயில் விடுகிறது என்று நேர்ஸ் சொன்னதைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. வீட்டுக் காற்றுத்தான் என்றால் எதற்கு இவ்வளவு சத்தம் என்று ஒருவர் கேட்டார். வந்தவர்கள் மெசினின் முதுகை மூடிக்கொண்டு நிற்பார்கள், காற்று இழுக்கும் பக்கத்தில் பையைச் சாத்துவார்கள், குழாயை மிதிப்பார்கள். மெசின் கத்தும். நான் எழும்பிப் போய், ஒன்றும் சொல்லாமல், அவர்களுடைய காலைத் தொட்டுக் கும்பிடப் போகிறவன் மாதிரிக் குனிந்து குழாயை இழுப்பேன். சிலர் என்னை ஆசீர்வதித்தும் இருக்கிறார்கள்.

சுவரில் மெசினுக்கென்று தனியாக ஒரு பிளக் போடவைத்திருந்தேன். அதில் வேறு எதையும் மாட்டக்கூடாது. ஒரு நாள் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள், பல வாய் வைத்த வயர் ஒன்றை அதில் சொருகி, மூன்று போனும் ஒரு டோர்ச் லைட்டும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. வயரைத் தொட்டால் தோசைக் கல் மாதிரிச் சுட்டது. யாருடைய போன்கள் என்று கேட்டதற்கு, கரண்ட் ஒழுங்காக வருகிற வீடு எங்கள் வீடுதானே என்று பதில் வந்தது. அது கேள்விக்குப் பதில் இல்லை. வயரைக் கழற்றிப் போன்களை வாசலில் கொண்டுபோய் வைத்தேன்.

மாமா வேறு விதம். அவருக்கு மெசின் என்றால் படகு இஞ்சின்தான். டொக்டர் சொன்ன அளவு இரண்டு. கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் சின்னக் குண்டு இரண்டாவது கோட்டில் மிதக்க வேண்டும். கூடத் திறந்தால் இந்த நுரையீரல் வருத்தக்காரருக்கு உள்ளே கெட்ட காற்றுத் தேங்கி, நித்திரை போல மயங்கிப் போவார் என்று நேர்ஸ் சொல்லியிருந்தார். மாமாவின் கணக்கு வேறு. இரண்டில் இவ்வளவு சுகம் என்றால் நாலில் கடலுக்கே போகலாம். ஒரு காலை நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது, கதிரையில் சரிந்து, வாய் திறந்து, எழுப்ப எழுப்ப எழும்பாமல் கிடந்தார். குண்டு நாலுக்கு மேலே நின்றது. இரண்டுக்கு இறக்கி, நிமிர்த்தி வைத்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் கண் திறந்தார். தலை வெடிக்கிறது என்றார். பிறகு, திருகுவதற்குத்தானே குமிழ் வைத்திருக்கிறான், திருகக்கூடாது என்றால் எதற்கு வைத்தான் என்று என்னோடு சண்டைக்கு வந்தார். குமிழைச் சுற்றி வலை நூலால் கட்டிவிட்டேன். அவிழ்த்துவிட்டார். அவருக்குத் தெரியாத முடிச்சு இந்தக் கரையில் இல்லை.

அடுத்தது சுருட்டு விஷயம். முதல் கிழமை அவர் செய்தது என்னவென்றால், குழாயை மூக்கிலிருந்து எடுத்து நெற்றிக்கு மேலே மூக்குக்கண்ணாடி போல ஏற்றிவிட்டுவிட்டு, மெசின் ஓடிக்கொண்டிருக்க, சுருட்டைப் பற்றவைத்தது. நான் பொத்திக்கொண்டிருந்த வலையை அப்படியே அவர் மேல் எறிந்து, சுருட்டை முற்றத்தில் தட்டிவிட்டேன். வலையால் தன்னை மூடியதற்குத்தான் அவருக்குக் கோபம். முகம் எரிந்திருக்கும் என்று சொன்னதற்கு, நாற்பது வருசமாக எரியாத முகம் இனியா எரியப்போகிறது என்றார். வீட்டில் இருந்த நெருப்புப்பெட்டிகளை எல்லாம் ஒளித்தேன். அடுப்புப் பற்றவைக்க மனைவி என்னிடம் வந்து கேட்டு வாங்கினாள். கடைசியில் மகள் அழுததைப் பார்த்துத்தான் அவர் பற்றவைப்பதை விட்டார். பற்றவைக்காத சுருட்டை வாயில் சப்பிக்கொண்டிருப்பார். அதற்கும் ஒரு முறை, குழாய்க்கும் சுருட்டுக்கும் பொருத்தம் இல்லை என்று வழியால் போன மீன் வியாபாரி சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்னால் கேட்காதவர் அவர் சொன்னதற்குச் சிரித்தார்.

பிறகு ஒக்டோபர் வந்தது. செபமாலை மாதம். எங்கள் ஊரில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் பாட்டோடு அடுத்த வீட்டுக்குப் போகும். போகிற இடமெல்லாம் மெழுகுதிரி. எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வருத்தக்காரர் கண் திறந்தால் மாதாவைக் காணவேண்டும் என்று சுரூபத்தை மாமாவின் கட்டில் தலைமாட்டிலேயே வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் இரண்டு மெழுகுதிரி. குழாயிலிருந்து ஒரு முழ தூரம் இருக்காது. நான் இரண்டையும் எடுத்து விறாந்தையில் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வருவதற்குள் வேறு இரண்டு எரிந்தன. அவற்றையும் எடுத்தேன். செபம் சொல்லிக் கொடுக்கிற மாமி, மாமாவுக்குத் தங்கச்சி முறையானவர், செபமாலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாதாவை இருட்டுக்குள்ள வைக்கச் சொல்லுறியளோ, மருமோன்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் டோர்ச் லைட்டை எடுத்துக் கொளுத்திச் சுரூபத்துக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தேன்.

"டோர்ச்சுக்கு முன்னால ஆரப்பா செபம் சொல்லுறது" என்று மாமி சொல்ல, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், சிரித்து இருமினார். கடைசியில் மனைவிதான் வந்து, தகப்பனுக்கு நெருப்பு ஆகாது என்று சொல்லி மெழுகுதிரிகளை வாசலுக்கு வெளியே எடுப்பித்தாள். அடுத்த ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமியும் இதைச் சொன்னார். மெசின் உள்ள வீட்டில் மெழுகுதிரி கொளுத்தக் கூடாது, மாதா கோபிக்கமாட்டா என்றார். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அன்று பின்னேரமே ஒருவர் மாமாவுக்காக நேர்ந்த மெழுகுதிரியோடு வந்தார். பெரியது.

மாமாவின் மகன், என் மச்சான், சங்கும் கடலட்டையும் எடுக்கச் சுழியோடுகிறவன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலின் அடிக்குப் போய் வருகிறவன் என்பதால், சிலிண்டர் என்று எது இருந்தாலும் அதைப் பற்றித் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு அவனுக்கு இருந்தது. "அத்தான், காத்தைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்காதேங்கோ" என்று அவன் சொல்லாத கிழமை இல்லை. ஆஸ்பத்திரி தந்த சிலிண்டர் சின்னப் பிள்ளை விளையாடுகிற சாமான் மாதிரி இருக்கிறது என்பான்.

இவை எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் என் தலையில் விழுந்தன. எங்கள் கோயில் திருநாளுக்கு முந்தின நாள்; அன்று பொழுதுபட மாதா சுரூபத்தைத் தூக்கி வளவைச் சுற்றும் சுற்றுப்பிரகாரம். பெண்கள் எல்லோரும் கோயிலைக் கழுவிப் பூக்கட்டப் போயிருந்தார்கள், மனைவியும் போயிருந்தாள். நானும் மாமாவும்தான் வீட்டில். காலையிலிருந்து காற்றுப் பலமாக அடித்தது. பின்னேரம், றோட்டுப் பக்கம் வெடிச் சத்தம் ஒன்று கேட்டது. எங்களுக்குப் பழகிய சத்தம் மாதிரி இருந்ததால் மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு பார்த்தால் டிரான்ஸ்போமர். காற்றாடி நின்றது. மெசின் கீயென்று கத்தியது.

அதற்காகத்தானே சிலிண்டர் இருக்கிறது என்று பதற்றப்படாமல் போய் மூலையில் கட்டி நிறுத்தியிருந்ததை எடுத்தேன். தலையில் கை வைத்தபோது விரல் வழுக்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திறக்கிற இடம், மரை, மீட்டர் பூட்டுகிற வாய், எல்லா இடத்திலும் மஞ்சளாகக் கிறீஸ் பளபளத்தது. கொஞ்சமும் இடைவெளி விடாமல், அவ்வளவு அழகாகப் பூசப்பட்டிருந்தது.

"துரு... பிடிக்கத் தொடங்கிற்றுது" என்றார் மாமா, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்துக்கொண்டு. "நேற்று... பூசினனான்."

அவருக்கு அதில் பெருமைகூட இருந்தது. சிலிண்டரைக் கொண்டுபோய் முற்றத்தில் நிழலில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து மச்சான் கடலால் வந்து சேர்ந்தான். விஷயத்தைச் சொன்னேன். இதற்கா இவ்வளவு பயம், ஒரு துணியில் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் கிறீஸ் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடத் தொடங்கினான். கிறீஸை எடுப்பதற்கு மண்ணெண்ணெய். நான் சிலிண்டருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனுசனுக்கும் மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று எழுதியிருந்தது.

மெசினில் நேர்ஸின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. எடுத்தேன். அதைத் தொடவே வேண்டாம், யாரையும் திறக்க விடவும் வேண்டாம் என்று நேர்ஸ் சொன்னார். ஆம்புலன்ஸுக்குத் தான் சொல்லுகிறேன், ஆனால் மன்னாரிலிருந்து வர நேரம் எடுக்கும், அதுவரை ஆளை முன்பக்கம் சரித்து இருத்தி, வாயைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லுங்கோ, எங்கேயாவது கரண்ட் உள்ள இடம் இருந்தால் மெசினோடு அங்கே கொண்டுபோங்கோ என்றார். நான் வேலியோரம் நின்று பேசி முடித்து உள்ளே வருவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. அயலவர்கள் வந்திருந்தார்கள். நடுவில் மாமா. அவருடைய வாயில் மச்சானின் சுழியோடுகிற சிலிண்டரின் றப்பர் வாய் சொருகியிருந்தது. படகிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மூக்கை அவனே தன் விரலால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டர் சூ என்று பெரிய சத்தம் போட்டது. மாமாவின் கண்கள் பிதுங்கின. நெஞ்சு உள்ளே குழிந்து குழிந்து வந்தது.

"இப்ப பாருங்கோ, எப்பிடி மூச்சு விடுறார்" என்றான் மச்சான்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள். சத்தம் நன்றாகக் கேட்கிறது என்றார் ஒருவர். இவ்வளவு பெரிய சிலிண்டர் வீட்டுக்குள் இருக்க அந்தச் சின்னனை வைத்து என்ன செய்தார்கள் என்றார் இன்னொருவர். நான் மாமாவின் கையைப் பிடித்து, இரத்தத்தில் ஒக்சிசன் அளக்க ஆஸ்பத்திரியில் தந்த கிளிப்பை விரலில் மாட்டினேன். எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று சொல்லித் தந்திருந்தார்கள். எண்பதுக்கும் கீழே நின்றது. நகங்கள் கத்தரிக்காய் நிறம்.

"மச்சான், எடு அதை" என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை. நான் சொல்வது பொதுவாக யாருக்கும் கேட்பதில்லை. றப்பர் வாயை நானே பிடித்து இழுத்தேன்.

"இதுக்குள்ள இருக்கிறது சும்மா காத்து. இந்த அறைக்குள்ள இருக்கிற அதே காத்து. மனுசன் இழுக்கேலாமல் சாகிறார், நீ இழுத்து உறிஞ்சு எண்டு குடுக்கிறாய்."

அறை அமைதியானது. இவ்வளவு நீளமாக நான் பேசியதை அவர்களில் பலர் முதல் தரம் கேட்டிருப்பார்கள். மச்சானின் முகம் கறுத்தது. அது ஒக்சிசன்தானே, தாங்கள் அதை வைத்துத்தானே கடலின் அடியில் உயிரோடு இருக்கிறோம் என்றான். கரையில் நிற்கும் கொம்பிறசர் எந்தக் காற்றை அடைக்கிறது, அதற்குப் பக்கத்தில் நீ நின்று சிகரெட் பிடிக்கிறாயே, அந்தக் காற்றைத்தானே என்று கேட்டேன். அவன் தகப்பனின் நகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் என்னோடு வாதாடவில்லை.

அந்த அமைதிக்குள்தான் எனக்குக் கோயில் ஒலிபெருக்கிப் பாட்டுக் கேட்டது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, கோயிலில் மட்டும் பாட்டு. திருநாளுக்குக் கொண்டுவந்த ஜெனரேட்டர் ஓடுகிறது.

மச்சான் ஓட்டோ பிடித்து வந்தான். ஆம்புலன்ஸைக் கோயிலுக்கே அனுப்பச் சொல்லி நேர்ஸுக்குப் போனில் சொன்னேன். மாமாவை நடுவில் முன்பக்கம் சரித்து இருத்தி, நான் மெசினை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம், ஊதுங்கோ மாமா, மெழுகுதிரி அணைக்கிற மாதிரி ஊதுங்கோ என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு வேறு உதாரணம் வரவில்லை.

கோயில் வளவில் திருநாள் சனம். முன்றிலில் ஒரு திட்டு முழுக்க மெழுகுதிரிகள் எரிந்தன. கோயிலுக்குள் கொண்டுபோக வழியே இல்லை. பக்கத்தில் பாலர் பாடசாலைக் கட்டடம் பூட்டியிருந்தது. சுவாமியிடம் சொல்லித் திறப்பித்தோம். ஜெனரேட்டர் அந்தக் கட்டடத்திலிருந்து தள்ளி, மதிலுக்கு அப்பால் நின்றது, புகை இந்தப் பக்கம் வரவில்லை. நல்ல தடித்த வயர் ஒன்றை ஒலிபெருக்கிக்காரர் இழுத்துத் தந்தார். மெசினை மாட்டினேன். மெசின் எழும்பி, இரண்டு தரம் மூச்சு விட்டு, மறுபடி கீயென்று கத்தி நின்றது. கோயில் கோபுரத்திலிருந்து வளவு வாசல் வரை தொங்கிய கலர் பல்புகளும் நாலு பெரிய ஒலிபெருக்கியும் அந்தச் சிறிய ஜெனரேட்டரை முழுதாகத் தின்றுகொண்டிருந்தன. மெசினுக்குக் கரண்ட் காணாது.

பல்பை அணையுங்கோ என்றேன் ஒலிபெருக்கிக்காரரிடம். திருநாள் கமிற்றித் தலைவரிடம் கேட்கவேண்டும் என்றார். தலைவரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் இப்போது சுற்றுப்பிரகாரம் புறப்படப்போகிறது, சண்டைக்குப் பிறகு ஊர்ச் சனம் முழுவதும் கூடுகிற திருநாள், வெளிச்சமும் பாட்டும் இல்லாமல் எப்படி, ஆம்புலன்ஸ் இப்போது வந்துவிடாதா என்றார். சுற்றிவர நூறு பேர் நின்றிருப்பார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பு. நான் கிறீஸ் பட்ட சறத்தோடு நின்றேன். எனக்குக் கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. கிறீஸ் பூசினவர் மேலா, மண்ணெண்ணெய் தேடினவன் மேலா, இப்போது என்னிடம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிற இந்த மனிதர் மேலா.

"ஐயா, அவருக்கு மூச்சு இல்லை. எல்லாத்தையும் அணையுங்கோ. இப்பவே அணையுங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கிக்காரருக்குக் கையைக் காட்டினார். பாட்டு ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது. கலர் பல்புகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. சனம் ஓவென்றது. பாலர் பாடசாலைக்குள் மெசின் உறுமி எழும்பியது. ஓடிப்போய்க் குழாயை மாமாவின் மூக்கில் வைத்து, காதைச் சுற்றிப் போட்டு, குண்டு இரண்டில் மிதக்கிறதா என்று பார்த்தேன். மச்சான் தகப்பனின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தில் முழங்காலில் இருந்தான். கிளிப்பில் எண் மெதுமெதுவாக ஏறியது. ஒன்று ஏறும், நிற்கும், பிறகு ஒன்று ஏறும். மனைவி பூக்கூடையோடு ஓடி வந்து வாசலில் நின்று அழுதாள். உள்ளே வா, அழுவதற்கு வெளியே நிற்கவேண்டாம், காற்று வரும் வழியை மறைக்காதே என்று சொன்னேன். அவளோடு நான் அப்படிப் பேசியதில்லை.

எண் தொண்ணூறைத் தொட்டதும் மாமாவுக்குக் கண் தெளிந்தது. கண் தெளிந்ததும் அவர் செய்த முதல் வேலை, வெளியே என்ன சத்தம் என்று கேட்டது. சுற்றுப்பிரகாரம். ஒலிபெருக்கி இல்லாமல், பல்பு இல்லாமல், சனமே தன் தொண்டையால் பாடிக்கொண்டு வளவைச் சுற்றி வந்தது. பொழுது சாய்ந்துவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் மெழுகுதிரி. பாலர் பாடசாலைக்குள் ஒருவர் வருத்தமாகக் கிடக்கிறார் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் சுரூபத்தை அவரிடமே கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்று யாரோ சொல்ல, முழுச் சுற்றுப்பிரகாரமும் பாடசாலை வாசலை நோக்கித் திரும்பியது. முன்னால் அதே மாமி. மாமா கதிரையில் நிமிர்ந்து இருந்து கையைக் கூப்பிக்கொண்டார்.

நான் வெளியே போனேன். வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். பாடிக்கொண்டு வந்த சனம் நின்றது. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களில் மோதினார்கள். எரிகிற மெழுகுதிரிகளுக்குப் பின்னால் எல்லா முகமும் என்னைத்தான் பார்த்தன.

"உதில நில்லுங்கோ, மாமி. நெருப்போட கிட்ட வராதேங்கோ."

மாமி சுரூபம் தூக்கினவர்களைப் பார்த்தார். பிறகு பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்து, கிணற்றுப் பக்கமாகத் திரும்பினார். சனம் அவருக்குப் பின்னால் திரும்பியது. மாதா எங்கள் வாசலைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு போனா.

ஆம்புலன்ஸ் வந்தபோது மாமா தானே எழும்பி நிற்கக்கூடியதாக இருந்தார். அதில் வந்த நேர்ஸ் எண்ணைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். முற்றத்தில் இருக்கும் சிலிண்டரை ஆட்கள் வந்து எடுக்கும்வரை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மெசினை ஆஸ்பத்திரி திருப்பி எடுக்குமா என்று கேட்டேன். பாவிக்கத் தெரிந்த ஒரு ஆள் வீட்டில் இருந்தால் ஏன் எடுக்கிறார்கள், இரண்டு நாளில் ஆளோடு சேர்த்து மெசினையும் அனுப்பிவிடுவார்கள் என்றார். மச்சானும் நானும் மாமாவைப் பிடித்து ஏற்றப் போனோம். அவர் என் கையைத் தட்டிவிட்டார். மகனின் கையைப் பிடித்து ஏறி, கட்டிலில் இருந்து, வெளியே நின்ற மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வாசலுக்கு வந்த மாதாவை மறிச்சுத் திருப்பி அனுப்பின உன்ர புருசனோட நான் இனிக் கதைக்கமாட்டன் எண்டு அவனிட்டச் சொல்லிவிடு."

முழு வசனத்தையும் எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.